மிருதங்கமும் அதன் ஆயுளும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் நல்ல வீணையொன்று நாட்பட நாட்பட நயம் பெறும் என்பர்; நாகசுரம் ஊத ஊதப் பண்படும் என்பர். தோற்கருவியின் நிலை வேறு. அது வாசிக்க வாசிக்கத் தேய்வது. ஒவ்வோர் அடியும் நமக்கு ஓர் ஒலியைத் தந்து, அதற்கு ஈடாகத் தோலிலிருந்து அணுவளவேனும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே மிருதங்கம் வாசிப்பவர் எவராயினும், தம் கருவியைச் சிறுகச் சிறுகச் செலவிட்டே வாசிக்கிறார் எனலாம். செலவு தவிர்க்க முடியாதது. அது அளவோடு நிகழ்கிறதா, வீணாகிறதா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை வாசிப்பவரின் கையில் இருக்கிறது. கைமுறைக்கும் கருவியின் தேய்மானத்திற்கும் உள்ள இந்தத் தொடர்பையே இன்று சிறிது ஆராய்வோம்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இது மிகவும் வேண்டிய பொருள். தஞ்சாவூரிலோ சென்னையிலோ ஒரு மாணவனின் மிருதங்கம் கெட்டுப்போனால், அதைச் செப்பனிடும் கைத்தொழிலாளர் சில தெருக்களுக்கு அப்பால் இருப்பார். மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலக்காட்டுப் பக்கம் கருவியை எடுத்துச் செல்ல வேண்டும்; அல்லது தஞ்சைக்குப் போகும் உறவினர் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். கருவி திரும்பி வர வாரங்கள் ஆகும். அதற்குள் பயிற்சி நின்றுவிடும். நின்ற பயிற்சியை மீண்டும் தொடங்கும் பிள்ளைகளைக் காட்டிலும் தொடங்காமலே விட்டுவிடும் பிள்ளைகளே மிகுதி. பரணில் உறைக்குள் கிடக்கும் மிருதங்கங்களை இப்பகுதித் தமிழ் இல்லங்கள் சிலவற்றில் நாம் கண்டிருக்கிறோம். அவற்றுட் பல, ஆர்வம் குன்றியதால் அங்கே ஏறியவை அல்ல. மூட்டு கிழிந்து, மாற்றுவார் அருகில் இன்றி ஏறியவை. ஒரு தோல் கிழிந்ததற்காக ஒரு வீட்டில் ஒரு கலை நின்றுபோவது சிறிய இழப்பாகுமா?

முதலில் கருவியின் அமைப்பை நினைவுகூர்வோம். மிருதங்கத்தின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்த கட்டை. தமிழ்நாட்டில் பலாவுக்குப் பேர்பெற்ற பண்ருட்டி, இக்கட்டைகளுக்கும் பேர்பெற்றது. ஆண்குரலுக்குரிய தக்குச் சுருதிக் கட்டை சுமார் 24 அங்குல நீளமும், பெண்குரலுக்கும் குழலுக்கும் உரிய எச்சுச் சுருதிக் கட்டை சுமார் 22 அங்குல நீளமும் உடையவை. நன்கு முற்றிய கட்டை ஒரு மனிதரின் வாழ்நாளையும் கடந்து நிற்கும். தேய்வனவும் கிழிவனவும் அதன் இருபுறமும் கட்டிய தோல்களே.

வலப்பக்கத்து மூட்டினை வலந்தலை என்கிறோம். அதில் மூன்று தோல்கள் உள்ளன. நடுவில் ஆட்டுத்தோல், மேலே வளையமாக வெட்டிய பசுத்தோல், அடியில் மற்றொரு பசுத்தோல் வளையம். மேல் வளையத்திற்கும் நடுத்தோலுக்கும் இடையே சிறு குச்சித் துண்டுகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். கல்லின் நுண்துணுக்குகளை இட்டால் கப்பி மிருதங்கம். நடுத்தோலின் மேல் கருவட்டமாகத் தெரிவதைக் கரணை என்றும், சோறு என்றும், சாதம் என்றும் வழங்குவர். சோறு என்ற பெயர் வெறும் உவமையன்று. வேகவைத்த சோற்றையும் கனத்த கரிய கல்லின் பொடியையும் குழைத்து, ஒரு பூச்சின்மேல் மறுபூச்சாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து உருவாக்குவது அது. அவ்வாறு தேய்க்கும்போது கரணை முழுதும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவ்வெடிப்புகள் இருப்பதனாலேயே கல்லும் சோறும் கலந்த அக்கனமான பூச்சு, தோலோடு சேர்ந்து வளைந்து அதிர முடிகிறது.

இடப்பக்கத்து மூட்டுக்குத் தொப்பி என்று பெயர். இதன் மேல் வளையம் எருமைத்தோல், உள்ளே ஆட்டுத்தோல். இதில் நிலையான கரணை கிடையாது. வாசிக்கும் நேரத்தில் ரவையை நீர்விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்டிக்கொள்கிறோம். வாசித்து முடித்ததும் எடுத்துவிடுகிறோம். இரு மூட்டுகளையும் 16 கண்களின் வழியே எருமைத்தோல் வார் இழுத்துப் பிணைக்கிறது. வலந்தலையின் பின்னலைக் கல்லாலும் கட்டைத் துண்டாலும் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். இவ்வளவே கருவி. ஆட்டுத்தோல், பசுத்தோல், எருமைத்தோல், சோறு, கல், பலா என ஆறு பொருள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கும் ஒரு சமநிலை அது. அதில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவற்றின்மேல் பாரம் கூடும்.

இனித் தேய்மானத்திற்கு வருவோம். ஒரு பழைய வலந்தலையை ஒளியில் சாய்த்துப் பார்த்தால், அதை வாசித்தவரின் கை அதில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கரணை நடுவில் சீராக மழுங்கி, ஓரம் உடையாது இருப்பின், விரல்கள் விழுமிடத்தில் விழுந்து, விழுந்த விரைவிலேயே எழுந்திருக்கின்றன என்று கொள்ளலாம். கரணையின் ஓரம் ஒரே பக்கத்தில் பெயர்ந்திருந்தால், சாப்புக்கு வரும் சுண்டுவிரல் தட்டுவதை விட்டு வெட்டத் தொடங்கியிருக்கிறது. மேல் வளையத்தில் ஓரிடம் மட்டும் கறுத்துக் குழிந்திருந்தால், ஆட்காட்டி விரல் மீட்டுவதை விட்டுக் குத்துகிறது. தொப்பியின் நடுவே தோல் தொய்ந்து பள்ளமாகியிருந்தால், இடக்கை உள்ளங்கையின் பாரம் முழுவதையும் அங்கே இறக்கிவைக்கிறது. ஆசிரியர்கள் மாணவனின் கையை நோக்குவது போலவே, மாதம் ஒருமுறையேனும் மாணவனின் கருவியையும் நோக்குவது நலம். கை ஆசிரியருக்கு முன்னே ஒருவாறு நடந்துகொள்ளும்; தோல் எவருக்கு முன்னும் ஒன்றே சொல்லும்.

பலத்த அடிதான் பலத்த நாதத்தைத் தரும் என்ற எண்ணம் பயில்வோரிடையே பரவியிருக்கிறது. இது ஓரளவிற்கே உண்மை. தோல் அதிர்வதற்கு அடி வேண்டும். அதிர்ந்துகொண்டே இருப்பதற்கு விடுதலை வேண்டும். விரல் தோலைத் தொட்டு உடனே எழுந்தால், தோல் தன் போக்கில் அதிர்ந்து நாதத்தைப் பொழியும். விரல் அங்கேயே அழுந்தி நின்றால், தானே எழுப்பிய அதிர்வைத் தானே அடக்கிவிடும். ஒலி மங்கியதைக் கேட்ட மாணவன், அடி போதவில்லை என்று கருதி இன்னும் ஓங்கித் தட்டுகிறான். விரல் இன்னும் ஆழமாக அழுந்துகிறது. ஒலி இன்னும் மங்குகிறது. இச்சுழலில் அகப்பட்ட கை ஒரே ஆண்டில் இரண்டு மூன்று மூட்டுகளைத் தின்றுவிடும். விரல் நுனிகளில் வீக்கமும், மணிக்கட்டில் வலியும், முழங்கையில் இறுக்கமும் அக்கைக்குக் கிடைக்கும் பரிசுகள். கருவியைக் கெடுக்கும் அடி, கையையும் கெடுக்கும் அடியே.

சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ‘நம்’ என்னும் சொல்லில் மோதிர விரல் கரணையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, ஆட்காட்டி விரல் மேல் வளையத்தை மீட்டுகிறது. இதில் மோதிர விரலின் வேலை அழுத்துவதன்று, தொடுவது. பூ இதழைத் தொடும் அளவே போதும். அது தோலின் அடிப்படை அதிர்வை மட்டும் தடுத்து, மேலுள்ள இசையொலியை எழ விடுகிறது. அழுத்தம் மிகுந்தால் இரண்டும் மடியும். ‘தீ’ என்பதில் விரல்கள் ஒன்றுகூடிக் கரணையின் நடுவே தட்டையாக விழ வேண்டும். நுனிகள் மட்டும் விழுந்தால், பரவ வேண்டிய விசை ஊசிமுனை போல ஓரிடத்தில் இறங்கும். கரணை அங்கே தூளாகும். சாப்பிலோ கை விசிறி போலத் திரும்பி, சுண்டுவிரற்புறம் தோலைத் தொட்டு விலக வேண்டும். ‘தொம்’ என்னும் தொப்பிச் சொல்லில் மணிக்கட்டு தளர்ந்திருப்பின், கையே தோலின் எதிர்விசையால் எழும்பிவிடும். அதை எழுப்ப நாம் முயல வேண்டுவதில்லை. தோளும் முழங்கையும் அசையாது, மணிக்கட்டும் விரலும் மட்டும் உழைக்கும் கையே நெடுநாள் வாசிக்கும் கை.

கரணையைக் காப்பது ஏன் இத்துணை முக்கியம் என்பதற்கு அறிவியலும் சான்று பகர்கிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் பல அதிர்வுகள் ஒருங்கே எழும். அவற்றின் விகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் அது ஓசையாகுமே தவிரச் சுருதியாகாது. உலகின் பெரும்பாலான முரசுகளின் நிலை இதுவே. ஆனால் மிருதங்கமும் தபேலாவும் தம்புராவோடு சேர்கின்றன. இந்த வியப்பை ஆராய்ந்தவர் நம் சர் சி. வி. இராமன். 1920ஆம் ஆண்டில் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ என்னும் ஆங்கில இதழில் இதைப் பற்றி எழுதினார். 1930களில் இந்திய அறிவியல் அகாதெமியின் வெளியீட்டில் மேலும் விரித்துரைத்தார். நடுவில் ஏற்றிய கரணையின் பாரம், தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் முழு விகிதங்களில் நிற்கச் செய்கிறது என்பது அவர் கண்ட முடிபு. நரம்புக்கு இயல்பாக அமைந்த ஒழுங்கைத் தோலுக்கு நம் கைவினையாளர் சோற்றாலும் கல்லாலும் தேடித் தந்துவிட்டனர்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. கரணை ஒரு பக்கம் பெயர்ந்தால் பாரத்தின் சமநிலை குலையும். அதிர்வுகள் மீண்டும் தம் விகிதத்தை விட்டு விலகும். அப்போது பின்னலின் எந்தக் கண்ணைத் தட்டினாலும் சுருதி முழுதும் சேராது. ஒரு கண் சேர்ந்தால் மற்றொரு கண் விலகும். இதை அறியாதவர், சுருதி சேரவில்லையே என்று பின்னலை மேன்மேலும் தட்டிக்கொண்டே இருப்பர். பின்னலும் நைந்து, தோலும் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியும். அத்தருணத்தில் வேண்டியது தட்டும் கல் அன்று; புதிய கரணையே. கச்சேரி மிகுந்த வித்துவானுக்குச் சில வாரங்களிலேயே அந்தத் தேவை வரலாம். இல்லத்தில் முறையாகப் பயில்வோருக்குப் பல மாதங்கள் தாங்கும். கரணை மாற்றும் செலவு மூட்டு மாற்றும் செலவைவிடக் குறைவு என்பதால், காலத்தில் முன்னதைச் செய்வோர் பின்னதைத் தள்ளிப்போடலாம்.

கொச்சியின் தட்பவெப்பம் இவ்விஷயத்தில் தனியே கருதத் தக்கது. ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியில் இடியோடு கூடிய மழை. எஞ்சிய நாட்களிலும் காயலின் ஈரக்காற்று. தோல் என்பது பதப்பட்ட நிலையிலும் ஈரத்தை உண்ணும் பொருள். ஈரம் ஏறியதும் அது தளர்கிறது, சுருதி இறங்குகிறது. மட்டாஞ்சேரியில் காலையில் சேர்த்த மிருதங்கம் மாலையில் அரைச் சுருதி இறங்கி நிற்பது மழைக்காலத்தில் வியப்பன்று. உடனே நாம் தட்டி ஏற்றுகிறோம். அவ்வாறு ஏற்றிய கருவியைக் குளிர்சாதனம் பொருத்திய அரங்கிற்குக் கொண்டுசெல்கிறோம். அங்கே காற்றில் ஈரம் குறைவு. தோல் உலர்ந்து சுருங்குகிறது. நாம் ஏற்றிய இழுப்போடு அச்சுருக்கமும் சேர்கிறது. கச்சேரி நடுவே மூட்டு படீரெனக் கிழிவதற்கு இது பெருங்காரணம். வாசித்தவரின் கை அப்பொழுது பழியைச் சுமக்கிறது. உண்மையில் பிழை அன்று காலையிலேயே நிகழ்ந்துவிட்டது.

ஆகவே இங்கு வாழ்வோர் கைக்கொள்ள வேண்டிய சில வழக்கங்களைச் சொல்வோம். வாசித்து முடித்தபின் ரவையை முற்றும் நீக்கி, ஈரமற்ற துணியால் தொப்பியைத் துடைக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்த ரவை இந்த ஊரின் ஈரத்தில் ஒரே இரவில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோல் அவ்விடத்தில் அழுகும். கைவியர்வை படிந்த வலந்தலையையும் துடைத்த பிறகே மூட வேண்டும். கருவிக்குத் துணியுறை போதும். பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டினால் உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றித் தோலையே உண்ணும். தரையிலும் புறச்சுவரை ஒட்டியும் வைக்காது, காற்றோட்டமுள்ள மேடைமீது வைப்பது நன்று. கரணையில் சோறு இருப்பதைக் கரப்பானும் எலியும் நம்மைவிட நன்கு அறியும். ஆகவே சமையலறையை ஒட்டிய அலமாரி மிருதங்கத்திற்கு உரிய இடமன்று. சுருதி இறங்கிவிட்டதென்று வெயிலிலோ அடுப்பருகிலோ காய்ச்சுவது உடனே பலன் தருவதுபோல் தோன்றும்; ஆனால் தோல் எண்ணெய்ப்பசை இழந்து முறுகும்; கரணையின் பிடிப்பும் விட்டுப்போகும். வெளியூர்க் கச்சேரிக்குப் போனால், அரங்கின் காற்றோடு கருவி பழக ஒரு மணி நேரமாவது கொடுத்து, அதன் பிறகே சுருதியை ஏற்றுவது அறிவுடைமை.

மற்றொரு தவறும் இல்லங்களில் நிகழ்கிறது. பாடும் மகளுக்குத் துணையாக வாசிக்க, தந்தை காலத்துத் தக்குச் சுருதி மிருதங்கத்தை எச்சுச் சுருதிக்கு இழுக்கிறார்கள். அக்கட்டையின் வாயும் நீளமும் அந்த இழுப்பிற்கு அமைந்தவை அல்ல. வார் முறுகி, பின்னல் தளர்ந்து, மூட்டு சில நாட்களில் கிழியும். கருவி பழுதுபட்டதென்று எண்ணுவர்; உண்மையில் அது தனக்குரியதல்லாத வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்தது. இரண்டு கருவி வாங்க இயலாத குடும்பம், பயிற்சியைத் தக்குச் சுருதியிலேயே நடத்தி, பாட்டோடு சேரும் நாளுக்கு மட்டும் வேறு கருவியைத் தேடிக்கொள்வது சிக்கனமாகும்.

நாம் வாழும் நாட்டின் தோற்கருவிகளையும் சற்று நோக்குவோமாக. திருப்பூணித்துறைப் பூர்ணத்திரயீசர் கோயிலின் விருச்சிகோற்சவம் எட்டு நாள் நடைபெறுவது. அந்நாட்களில் செண்டை மேளத்தைக் கேட்டு நில்லாத தமிழர் எர்ணாகுளத்தில் குறைவு. செண்டை கோல்கொண்டு வாசிப்பது. அதன் ஒலி ஊரெல்லாம் கேட்பது. ஆனால் அம்மேளத்தின் முழக்கம் ஒருவர் ஓங்கி அடிப்பதால் பிறப்பதன்று. பலர் ஒரே கணத்தில் அளவோடு அடிப்பதால் பிறப்பது. மணிக்கணக்காக நிற்கும் அக்கலைஞர், மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் காலத்தை ஏற்றி உச்சத்தை அடைகின்றனர். முதற்கணமே முழுவிசையும் இறக்கினால் தோலும் தாங்காது, தோளும் தாங்காது என்பதை அவர்கள் மரபு அறிந்திருக்கிறது. கேரளத்தின் சுத்த மத்தளமோ மிருதங்கத்திற்கு நெருங்கிய உறவு. அதன் இருபுறமும் நிலையான சோறு உண்டு, ரவை வேண்டுவதில்லை. கதகளி அரங்கிலும் பஞ்சவாத்தியத்திலும் அது தோல் மிகத் தடித்த கருவியாதலின், வாசிப்பவர் விரல்களில் துணிச்சுற்று அணிந்துகொள்கின்றனர். நம் தவில் வித்துவான்கள் விரல்களில் கூடு அணிவதும் இவ்வகையே. தடித்த தோலுக்கு விரற்காப்பு. மெல்லிய தோலுக்கு வெறும் விரல். தடித்த தோலுக்குரிய விசையை மெல்லிய தோலின்மேல் செலுத்தலாகாது என்பதை இக்காட்சியே நமக்குக் கற்பிக்கிறது.

ஓங்கி அடித்தாலன்றிச் சபைக்குக் கேளாது என்று சிலர் சொல்லக்கூடும். 1912இல் பாலக்காட்டுச் சீமையில் பிறந்து, தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் பயின்று, 1981இல் மறைந்த பாலக்காடு மணி ஐயர், ஒலிபெருக்கியின் துணையை விரும்பாதவர். கருவியின் இயல்பான நாதம் சபையின் கடைசி வரிசைவரை செல்ல வேண்டும், அதற்கேற்பச் சபையும் அமைதி காக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்த நாதம் வன்மையால் மட்டும் வந்ததன்று; சுருதி சுத்தத்தாலும், விரல்களின் தெளிவாலும் வந்தது. 1966ஆம் ஆண்டில் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவரே. அவர் காலத்தவரான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கமுடையவர். தொப்பியின் குமுக்கிக்குப் பெயர்பெற்றவர். குமுக்கி என்பது தோலைத் தடவி எழுப்பும் நாதம், அடியின் நேர்மாறு. இவ்விருவரையும் கேட்டவர்கள், மிருதங்கம் பாடுகிறது என்றே சொன்னார்கள்.

அவ்வாறு பாடும் கருவியைச் செய்து தந்தவர் யார்? இக்கேள்வியை நம் சபைகள் நெடுங்காலம் எழுப்பவே இல்லை. தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் மரபில் வந்த பர்லாந்து, மணி ஐயருக்குப் பல்லாண்டு மிருதங்கம் செய்து தந்தவர். இன்ன தோல், இன்ன கனம், இன்ன கரணை என்று இருவரும் கூடிக் கூடி ஆராய்ந்ததன் விளைவே நாம் இன்று கேட்கும் மிருதங்க நாதத்தின் பெரும்பகுதி. அந்தக் குடும்பத்தினரையும் அவர்போன்ற பிறரையும் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதினார். அதன்பின் அப்பெயர்கள் பலருக்கும் தெரிய வந்தன. தோலைத் தேடி, தேர்ந்து, மயிர் நீக்கி, உலர்த்தி, நாற்றத்தையும் பொறுத்து உழைக்கும் இக்கலைஞர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமுதாயங்களில் பிறந்தவர்கள். மேடையில் கருவிக்கு மலர் இட்டு வணங்கிய கைகள், அதைச் செய்தவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய நாட்களும் இருந்தன. பாலக்காட்டை அடுத்த பெருவெம்பிலும் தலைமுறை தலைமுறையாகத் தோற்கருவி செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எர்ணாகுளத்துத் தமிழர்க்கு இவர்களே அண்டை அயலார். கருவியைக் கொடுத்துவிட்டு வரும்போது, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, கரணை இடும் வேலையை அரைநாளேனும் அருகிருந்து பார்க்கச் செய்தல் வேண்டும். ஒரு பூச்சு காய்வதற்குள் எத்தனை முறை கல் தேய்கிறது என்பதைக் கண்ட பிள்ளை, மறுநாள் அதன்மேல் விரலைக் குத்தமாட்டான்.

தோலின் தொல்லையே வேண்டாம் என்று கருதி, செயற்கை வழிகளை நாடுவோரும் உளர். உமையாள்புரம் சிவராமன் கண்ணாடி இழையால் ஆன உடலை மிருதங்கத்திற்குப் பயன்படுத்தி ஆராய்ந்தவர். வாருக்கு மாறாகத் திருகாணி பொருத்திய கருவிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. தோலுக்கு மாறாகச் செயற்கைத் தகடு பொருத்தியவையும் வந்துள்ளன. இவை ஈரத்திற்கு எளிதில் அசைவதில்லை. மழைக்காலத்து அன்றாடப் பயிற்சிக்கு இவை பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும் விரலுக்கு எதிரே தோல் காட்டும் இசைவையும், குமுக்கியின் குழைவையும் அவை முழுதும் தருவதில்லை என்பர் வாசிப்போர். மேலும் ஒரு கருத்து உண்டு. கெடாத கருவியில் மட்டும் பயின்ற கை, தன் தவற்றை அறியாமலே வளரும். தோற்கருவி தன்னைத் தேய்த்துக்கொண்டு நம் கையைத் திருத்துகிறது. ஆகவே வசதியுள்ளோர் பயிற்சிக்கு ஒன்றும், நாதத்திற்கு ஒன்றுமாக இரண்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றே இயலும் என்போர், சிறியதாயினும் நல்ல தோற்கருவி ஒன்றை வாங்கி, அதைக் காக்கக் கற்பதே மேல்.

நேயர்களே, ஒரு மிருதங்கத்திற்குள் ஆடு, பசு, எருமை ஆகிய மூன்று உயிர்களின் தோலும், ஒரு தொழிலாளரின் பல நாள் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. வீணான ஒவ்வோர் அடியும் இவற்றுள் ஏதோ ஒன்றின் வீண். தேவையான அடியால் கருவி தேய்ந்தால் வருந்த வேண்டியதில்லை. அது அதன் பிறவிப் பயன். தாய்நாட்டை விட்டு வந்த நாம், மொழியையும் உணவையும் பண்டிகையையும் காக்க எத்தனையோ முயற்சி செய்கிறோம். பரணில் ஒரு மிருதங்கம் இருக்குமாயின், இந்த வாரமே அதை இறக்கிப் பார்ப்போம். தொப்பியில் பழைய ரவை ஒட்டியிருந்தால் சுரண்டி எடுப்போம். கரணையில் விரலால் மெல்லத் தட்டிக் கேட்போம். நாதம் இருந்தால் பிள்ளையை அருகில் அமர்த்துவோம். இல்லையேல் மழை ஓய்ந்ததும் பாலக்காட்டு வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்குவோம்.